சுளுக்குக்கு விலாங்குத் தோல்

ஃபின்டன் கில்பேன் படகுத்துறைப் பாசியில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டபோது, சால்மன் வலை போட ஒரு வாரம்தான் இருந்தது. எங்கள் ஆற்றில் வலை உரிமம் மூன்றே பேருக்கு. அது போனால் ஃபின்டனுக்கு வேறு பிழைப்பில்லை. உரிமம் அவன் மச்சான் கொர்மாக்குக்குப் போகும். இதை ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, மெதுவாகத்தான் சொல்வோம்.

அன்றைக்கே கொர்மாக்கின் மனைவி பிரீட் விலாங்குத் தோலோடு ஓடி வந்தாள். சுளுக்குக்கு இங்கே அதுதான் வைத்தியம். அயர்லாந்து முழுக்க விலாங்கு பிடிக்கத் தடை வந்தபிறகும், பழைய காய்ந்த தோல் ஒன்று எல்லார் அலமாரியிலும் உண்டு. ஊறவைத்துக் கட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். புதுத் தோல் என்றால் உரிமம் காலி.

"பழசுதானே தங்கச்சி?"

"எங்க அப்பா காலத்துது அண்ணே. எண்ணெய்ல ஊறவச்சிருக்கேன். பருவம் தொடங்குறதுக்குள்ள கை சரியாயிடும் பாருங்க."

வலை போடும் முதல் நாள், ஆற்றுக் காவலர் மல்ஹெர்ன் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துவது வழக்கம். ஃபின்டனின் கையை மட்டும் விடவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த விலாங்குத் தோலை நகத்தால் சுரண்டினார்.

"இது போன வாரம்கூட நீந்திட்டிருந்துச்சே, ஃபின்டன்."

"பிரீட் குடுத்தது சார். அவளையே கேளுங்க."

"நானா? நான் ரொட்டிதான் கொண்டுபோனேன்," என்றாள் பிரீட். "பாவம், வலியில உளர்றாரு."

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கு மட்டுமல்ல.

ஃபின்டன் எங்கள் பக்கம் திரும்பினான். "அவ தெருவுல கையில புடிச்சிட்டு வந்ததை நீங்கல்லாம் பாத்தீங்கதானே? யாராச்சும் சொல்லுங்கப்பா."

பார்த்திருந்தோம். நான் சன்னல் திரையை விலக்கியே பார்த்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் அலமாரியையும் திறக்கச் சொல்வாரே. அங்கிருப்பதெல்லாம் தடைக்கு முந்தியதுதானா என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூனில் உரிமம் கொர்மாக்குக்கு வந்தது. வலை இழுக்கக் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. தோல் நன்றாகவே வேலை செய்திருந்ததால் ஃபின்டனையே கூப்பிட்டான்.

கரையில் தேநீர்க் குடுவையோடு நின்ற பிரீட், ஃபின்டன் வலையை இழுக்கும் வேகத்தைப் பார்த்து மகிழ்ந்து போனாள்.

"நான் சொன்னேன்ல அண்ணே, கை சரியாயிடும்னு."