மூன்றாவது பாட்டில் ஒரு குரவை

அன்று சிங்கப்பூரின் அந்த ஃபேரர் பார்க் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: வீட்டுக்குப் பெரியவர் அப்துல் கஃபார், அவருடைய தங்கை மைமூன், மைமூனின் மகன் ரமீஸ், காலிகோஸ் ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த மாசிலாமணி, வெளிவராத பழைய பாட்டுகளைத் தேடி இசைத்தட்டாகப் போடும் நிரஞ்சனா. குழுவில் கித்தார் வாசித்துப் பாடிய ஜக்கரியா, கஃபாரின் தம்பி, போன நோன்புக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் மட்டும் இருந்தது, இருபது வயதுக் குரல்.

நான்கு டெமோப் பாட்டுகள். எழுபத்து மூன்றில், கஃபாரின் வாப்பா ஊருக்குப் போயிருந்த சமயம், சிராங்கூன் சாலையில் அவருடைய ஜவுளிக்கடையின் மாடியில் பதிவானவை. தெருச் சத்தம் உள்ளே வராதபடி காலிகோத் துணி மூட்டைகளைச் சுவர்போல அடுக்கியிருந்தார்கள். குழுவுக்குப் பெயரும் அப்படித்தான் வந்தது. கஃபாருக்கு அந்த இசை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. இப்போதும் நாற்காலியில் முதுகு சாயாமல், மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட சட்டையோடு, யாரோ கொடுக்கும் வாக்குமூலத்தைக் கேட்பவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டில், கித்தார் தனியாக வர வேண்டிய இடத்தில், ஒரு பெண் குரவையிடுவாள். மணவீட்டில் பெண்கள் கூடியிருக்கும் அறையிலிருந்து மட்டும் கேட்கும், நாக்கைச் சுழற்றி எழுப்பும் நீண்ட குரவை. அது அடங்கியதும் கடைசி நான்கு வரிகளை ஜக்கரியாவோடு சேர்ந்து பாடுவாள். நிரஞ்சனா பாட்டை அந்த இடத்துக்கு முன்பே நிறுத்தினாள்.

"மூணாவது வேண்டாம். மத்ததப் போட்டுக்க" என்றார் கஃபார்.

"அங்கிள், நெட்ல போட்ட சின்னத் துண்டைக் கேட்டுட்டு எல்லாரும் காத்திருக்கிறதே அதுக்குத்தான். பாடினது யாருன்னு தெரிஞ்சா பேரு போடுவேன். இல்லன்னா 'பெயர் தெரியாத பாடகி'ன்னு போட்டுடலாம்."

அவள் மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "என்னைக் கேக்காதம்மா. ட்ரம்ஸ்ல குனிஞ்சா நிமிரவே மாட்டேன். கல்யாணத்தன்னிக்கும் குனிஞ்சேதான் இருந்தேன். அதான் இன்னி வரைக்கும் நிமிர முடியல."

கஃபார் சிரிக்கவில்லை. மாசிலாமணி கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார் என்று அவருக்குத் தெரியும். பாட்டுப் பதிவான சமயத்தில் மைமூனுக்குக் கீழக்கரையிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் நாலு ஆண்களுக்கு நடுவில் பாடினாள் என்று வெளியே வந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, குழுவையே கடைக்குள் வரிசையாக நிறுத்தி வாக்கு வாங்கினார் கஃபார். பேச்சு வெளியே போகாது என்றான் ஜக்கரியா. ஆனால் அந்தப் பாட்டு இல்லாமல் மற்றவையும் வெளியே போகாது என்றான். அப்படியே ஒலிநாடாச் சுருள் அவன் மௌத்தாகும் வரை அவனுடைய அலமாரியில் கிடந்துவிட்டது.

ரமீஸ் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். "பேரு தெரியாதா? நெட்ல முழு ஸ்டோரியும் இருக்கு லா, மாமா. ரெக்கார்ட் சேக்கிறவங்க எழுதியிருக்காங்க. துறைமுகத்துப் பார்ல பாடின பொம்பளையாம். ஜக்கரியா மாமா வச்சிருந்தாராம். போதையில கத்தினத அப்படியே ரெக்கார்ட் பண்ணிட்டாங்களாம். அப்புறம் எவனோ கப்பல்காரனோட ஓடிட்டாளாம். மாமா சும்மா இல்ல லா."

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மைமூன் ஃபிளாஸ்க்கை வைத்து அதன் மூடியைத் திருகினாள். அது இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

கஃபாருக்குக் காது சுட்டது. தம்பியையும் தங்கையையும் சேர்த்து எவனோ எழுதியிருக்கிறான். எழுதியவனுக்கு அது தெரியாது. படித்துக் காட்டிய அவள் மகனுக்கும் தெரியாது. பெயரை உள்ளே வைத்துப் பூட்டினால் போதும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். பெயர் இல்லாத இடத்தில் கண்டவனும் வந்து குப்பை கொட்டுவான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. மாசிலாமணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "பாய்" என்றார்.

"அந்த இடத்தப் போடும்மா" என்றார் கஃபார்.

ஸ்பீக்கரில் டிங் என்று எதுவோ அறுந்தது. ஒரு நொடி ட்ரம்ஸ் மட்டும் தனியாக ஓடியது. பிறகு குரவை எழுந்தது. ரமீஸின் சிரிப்பு மெல்லக் கலைந்தது. அவனுடைய நிக்காஹ் அன்று உள்ளறையிலிருந்து கேட்ட அதே குரவை. அவன் உம்மாவின் பக்கம் திரும்பினான். மைமூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஆனால் தலை குனியவில்லை.

"மைமூன், சொல்லவா?"

"நீங்கதான காக்கா, சொல்லக் கூடாதுன்னீங்க" என்றாள் அவள் அண்ணனிடம்.

கஃபார் எழுந்து நின்றார். ஸ்பீக்கரில் இரண்டு குரல்களும் சேர்ந்து பாடத் தொடங்கியிருந்தன. அதை நிறுத்தச் சொல்லாமல், நிரஞ்சனாவைப் பார்த்துப் பேசினார்.

"எழுதிக்க. அவ பார்ல பாடினவ இல்ல. போதையும் இல்ல. தம்பியோட கித்தார்க் கம்பி அறுந்துச்சு, அந்த எடத்துல அவ குரவை விட்டா. கப்பல்காரன் எவனும் கிடையாது. அவ எங்க தங்கச்சி, இவனப் பெத்தவ. பேரு மைமூன் பீவி. பாடின எடம் எங்க வாப்பா கடை."