ஒரே கையால்

பன்னிரண்டாவது உருவத்தின் கண்ணை ஐந்தாம் முறையாகத் துடைத்து எடுத்தபின் அவள் நாற்காலியை விட்டு எழுந்து சன்னல்வரை நடந்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை காலையிலிருந்து இதே கதைதான். உட்கார்ந்தால் புள்ளி பிசகியது. எழுந்தால் மனம் மேசையிலேயே கிடந்தது.

அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். வாயில் மிஞ்சியிருக்கும் பற்களின் நிறத்தோடு புதுப் பல்லின் நிறத்தை மயிரிழை பிசகாமல் பொருத்துவது அவளுடைய தொழில். வீட்டிலோ, கட்டைவிரல் உயரமே உள்ள உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவாள். மேசையின்மேல் நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போருக்கான படை அது. குறளிகள் ஏழு, கொள்ளிவாய்ப் பிசாசுகள் மூன்று, பானை வயிற்றுப் பூதம் ஒன்று, இவ்வளவு பேருக்கும் தலைவியாக ஒரு மோகினி. மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கக் கூடத்தில் ஆண்டுப் போட்டி. முதல் ஆட்டமே நாத்தனாரோடு.

நாத்தனாரிடம் ஓர் ஓநாய்ப் படை இருந்தது. மூன்று ஆண்டுகளாக அவளிடமே தோற்று வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளுடைய வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, உங்க ஆளுங்க என்னை முறைக்கிறாங்களா, பக்கத்து மேசைக்காரரை முறைக்கிறாங்களா? ஒண்ணுக்கும் கண்ணு நேரா இல்லையே!" என்று கூடம் முழுவதும் கேட்கும்படி சொல்வாள். அதில் பொய்யும் இல்லை. எவ்வளவு கவனமாக வைத்தாலும் கருவிழி கடைசி நொடியில் வலப்பக்கமாக நழுவிவிடும்.

நல்லதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது அவளுடைய பழக்கம். மோகினியை அப்படி வைத்ததுதான் தலையில் விடிந்தது. வியாழக்கிழமை வேலையிடத்துப் படியில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் விரிசல். விரல் நுனிகள் மட்டும் எட்டிப்பார்க்கும்படி மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

"நாள் பூரா மாவு கரைச்சுப் பல்லுக்கு அச்சு எடுப்பே. இப்ப உன்னையே மாவுல புடிச்சு வெச்சுட்டாங்க," என்றார் கணவர். அவர் பூட்டு பழுது பார்ப்பவர். எதிரே உட்கார்ந்து ஒரு பெட்டிப் பூட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா உங்களுக்கு?"

மருந்துக் குப்பியின் மூடியில் ஒட்டிய மோகினியை மாவுக்கட்டு விரல்களால் பற்றிக்கொண்டு, மற்ற வேலைகளை எல்லாம் இடக்கையாலேயே முடித்திருந்தாள். நீர்த்த கருநீலத்தைச் சேலை மடிப்புகளில் ஓடவிட்டாள். தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த நுனியால் கூந்தலின் மேடுகளை மட்டும் வெண்மையாக வருடினாள். அவற்றுக்கெல்லாம் முரட்டுக் கையே போதும். கண்ணுக்கு அது போதவில்லை. கண்ணில்லாத உருவம் தீட்டி முடிந்ததாகக் கொள்ளப்படாது. தீட்டாத தலைவியைக் கொண்டு எந்தப் படையும் மேசையேற முடியாது.

"ரெண்டு புள்ளிதானே? குடு, நான் வெச்சிடறேன். சாவித் துவாரத்துக்குள்ள மயிர் நுழைக்கிற கை இது."

அவள் தூரிகையை நீட்டியேவிட்டாள். அவர் வாங்குவதற்குள், சுவரில் ஒட்டியிருந்த போட்டி விதித்தாளின் நகல் கண்ணில் பட்டது. பன்னிரண்டு உருவங்களும் ஒரே கையால் தீட்டப்பட்டிருத்தல் வேண்டும். யாரோ காசு கொடுத்துத் தீட்டி வாங்கி வந்ததால் சென்ற ஆண்டு சேர்த்த விதி.

"வேணாங்க. விடுங்க."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

ஏழாவது முறை இரண்டு கருவிழிகளும் வெண்மைக்குள் நின்றன. நன்றாக நின்றன என்று சொல்ல முடியாது. ஆனாலும் எட்டாவது முறை துடைக்க அவளுக்குத் துணிவில்லை. காய்வதற்குள் நான்கு தடவை போய்த் தொட்டுப் பார்க்க முனைந்து, நான்கு தடவையும் கணவரிடம் திட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை நடுவர் ஒவ்வொரு படையாகச் சோதித்து வந்தார். வரைபட அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவருக்குச் சங்கத்தில் கால்புள்ளி என்று பெயர். அறிவிப்புப் பலகையில் ஒரு கால்புள்ளி விடுபட்டாலும் எழுதியவரை அழைத்துப் போடச் செய்வார். பூதக் கண்ணாடியைக் குறளிகளின்மேல் நகர்த்தி வந்தவர் மோகினியிடம் நின்றுவிட்டார்.

"பதினொண்ணும் வலது பக்கமா பாக்குது. தலைவி மட்டும் இடது பக்கமா பாக்குறா. இது வேற கைம்மா."

அவள் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "வேற கைதான் சார். ஆனா என் கை. இடது கை."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நடுவர் சிரிக்கவில்லை, அருகில் நின்ற கணவரின் பக்கம் திரும்பினார். "பூட்டுக்காரரே, நீங்க ஏதாவது கை வெச்சீங்களா?"

"சத்தியமா இல்ல சார். வெக்கத்தான் பாத்தேன், இவ விடல."

தவளை தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரியும். கணவனுடைய வாயாலும் கெடும் என்பதை அன்றுதான் அறிந்தாள். பக்கத்து மேசையில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் போகட்டும், ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு இந்தக் கூடத்தின் படியை எப்படி மிதிப்பது? நிற்க முடியாமல் அவள் மேசையை ஒருமுறை சுற்றி வந்தாள். எதிரே நாத்தனார் வாய் திறவாமல் ஓநாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி விலக்கப்பட்டால் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். அந்த வாய் மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை.

கடைசி ஓநாயையும் வைத்தபின் நாத்தனார் நிமிர்ந்தாள்.

"சார், எங்கிட்ட வண்ணம் அடிக்காத உருவத்தோட தலை ஒண்ணு இருக்கு. இதுல அண்ணி இப்பவே, இடது கையால, நம்ம முன்னாடி கண்ணு வெக்கட்டும்."

அவள் உட்கார்ந்தாள். அந்தத் தலையை ஒட்டிய மூடியைப் பற்றிய வலது விரல்கள் மரத்துப்போயிருந்தன. தூரிகை நுனியை நாவில் வைத்துக் கூராக்கினாள், மூச்சை நிறுத்தினாள், இரண்டு புள்ளிகள் வைத்தாள். இரண்டும் கடைசி நொடியில் நழுவின, இடப்பக்கமாக.

நாத்தனார் அந்தத் தலையை மோகினிக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாத்துக்குங்க சார். மூணு வருஷமா இந்தக் கண்ணைக் கேலி பண்றவ நான், எனக்குத் தெரியாதா? வலது கைன்னா வலது பக்கம் ஓடும், இடது கைன்னா இடது பக்கம் ஓடும். எங்க அண்ணன் வெச்சிருந்தா நேரா இருந்திருக்கும். இவ்வளவு கோணலா அண்ணியைத் தவிர யாராலயும் வெக்க முடியாது."

பாராட்டா, வசவா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டாள்.

நடுவர் கண்ணாடியை மடக்கினார். "ஆள் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா விதியில ஒரே கைன்னு இருக்கே."

"எழுதினது யாரு சார்?" என்றாள் நாத்தனார்.

அவர் கூடத்துச் சுவரருகே போனார். அங்கிருந்த விதித்தாளைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து "ஒரே கையால்" என்பதை ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேலே "ஒருவராலேயே" என்று எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அடியில் கையொப்பமிட்டார்.

"தப்பு என் வாக்கியத்துலதான். ஆடுங்க."

அவள் பகடையை இடக்கையால் உருட்டினாள். அது மேசையைத் தாண்டிப் போய்க் கணவரின் காலடியில் விழுந்தது. அவர் குனியப் போனார்.

"தொடாதீங்க!" என்று அண்ணியும் நாத்தனாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவளே போய் எடுத்து வந்தாள். அதற்குள் நாத்தனார் தன் ஓநாய்களில் மூன்றை இடப்பக்கமும் மூன்றை வலப்பக்கமுமாகப் பிரித்து நிறுத்தியிருந்தாள்.

"என்ன, படையை ரெண்டாப் பிரிச்சுட்டே?"

"பின்ன? உங்க தலைவி ஒரு பக்கம் பாக்குறா, ஆளுங்க ஒரு பக்கம் பாக்குறாங்க. எந்தப் பக்கம் பாய்வாங்கன்னு எந்த ஓநாய்க்குத் தெரியும்? உருட்டுங்க அண்ணி."