தேயாத குழல்

அண்ணன் பெயின்ட்பால் மைதானம் நடத்துகிறான். சாயம் நிரப்பிய உருண்டைகளை ஒருவர் மேல் ஒருவர் சுட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் பச்சையும் ஊதாவுமாக, பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். காசு கொடுத்து அழுக்காகிறவர்கள். அந்தத் துப்பாக்கிகளுக்குக் குழல் கடைந்து கொடுப்பது நான். துப்பாக்கி என்றால் அண்ணனுக்குப் பிடிக்காது, 'மார்க்கர்' என்று திருத்துவான். அதைத் திருத்துவதில் காட்டுகிற அக்கறையை வேறு எதிலும் காட்டி நான் பார்த்ததில்லை.

குழலின் உட்புறம் வழவழவென்று இருக்க வேண்டும். கீறல் இருந்தால் மெல்லிய தோல் உள்ள அந்த உருண்டை உள்ளேயே உடைந்து, எதிராளி மேல் பட வேண்டிய சாயம் சுட்டவன் கையில் வழியும். முதலில் அலுமினியத்தில் செய்தேன். எடை குறைவு, சின்னப் பிள்ளைகள்கூடத் தூக்கலாம். கொஞ்ச நாளிலேயே உள்ளே கோடு. நல்ல உலோகமாகப் பார் என்றான் அண்ணன், சரி என்று பித்தளைக்கு மாறினேன். கைக்குக் கனத்தாலும் விரலை விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அதிலும் கோடு.

விளையாட வந்தவர்கள் புகார் சொன்னபோது நானும் அங்கே நின்றிருந்தேன். அண்ணன் என்னைக் கைகாட்டி, "தங்கச்சியாச்சேன்னு வேலையைக் கொடுத்தேன். கைவேலை சுத்தமில்ல" என்றான். நாலு பேருக்கு நடுவில். காதெல்லாம் சுட்டது. என் பட்டறையில் இருப்பது ஒரு லேத், அப்புறம் நான் சம்பாதித்து வைத்திருக்கும் பேர். அந்தப் பேரும் போனால் லேத்தைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்வது?

உலோகக் கடைக்காரர் வேறு என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

"டைட்டானியம் போடுங்கம்மா. ஆயுசுக்கும் அசையாது."

"ராக்கெட்டா விடப்போறேன்? விக்கிற விலையில சொல்லுங்க."

"அப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையறதுக்குள்ள உசிரு போயிடும், ஆனா நிக்கும்."

உயிர்தான் போனது. சூடேறி உளியின் முனை மழுங்கியது. சுருள் சுருளாக வந்த சீவல் கையைக் கிழித்தது. அத்தனை குழலையும் கடைந்து, உள்ளே முகம் தெரியுமளவுக்குப் பாலிஷ் போட்டு அனுப்பினேன். இனி யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று இருந்தேன். அவற்றில் ஒன்று திரும்பி வந்தது. உள்ளே கோடு.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கோடுகள் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு போயின. லேத் உளி விடுகிற தடம் மாதிரியே இருந்ததால் ஒரு நிமிடம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் என் தடத்தை நான்தான் பாலிஷில் அழித்துவிட்டேனே! நேராக ஓடுகிற உருண்டை வட்டமாகக் கீறாது. உள்ளே எதுவோ சுழன்றிருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

பின்பக்கத்துக் கொட்டகையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கையில் டிரில் மெஷின், அதன் நுனியில் இரும்புக் கம்பி பிரஷ். என் ஸ்டீல் குழலுக்குள் அதை விட்டு 'கர்ர்ர்' என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"உடைஞ்ச சாயம் ஒட்டிக்குது, கழுவுறேன். ஏன் இப்படிக் கத்துறே?"

"துணியைக் கயித்துல கட்டி இழுத்தா போதுமே!"

"அப்படித்தான் பண்ணிட்டிருந்தேன். நேரமாகுதுன்னு உங்க அண்ணன்தான் இதை வாங்கிக் கொடுத்தார்."

சத்தம் கேட்டு அண்ணனே வந்து நின்றான்.

"இதனாலதான் கீறுதுன்னு உனக்குத் தெரியுமாண்ணே?"

அவன் குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சந்தேகமாத்தான் இருந்துச்சு. கூட்டம் நிக்கும்போது துணியை விட்டு இழுத்துட்டிருக்க முடியுமா? அதான் உன்னை நல்ல உலோகமா பாக்கச் சொன்னேன்."

"அப்ப ஆளுங்க முன்னாடி என் கைவேலையை ஏன் குறை சொன்னே?"

"வந்தவங்களுக்கு ஏதாவது பதில் சொல்லணும்ல? நீ வீட்டு ஆளு, கோவிச்சுக்க மாட்டே."

கோபித்துக்கொள்ள மாட்டேனாம். எத்தனை உலோகம் மாற்றினேன், எத்தனை நாள் என் கையையே நான் சந்தேகப்பட்டேன்! குழலையும் டிரில்லையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். அண்ணன் "ஏய், நில்லு" என்று பின்னாலேயே ஓடி வந்தான். மார்க்கர் வாங்க வரிசையில் நின்றவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தக் குழலெல்லாம் பண்றது நீங்கதானே?" என்று இழுத்தார்.

"ஆமாங்க" என்றேன். பிரஷ்ஷை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜை மேல் வைத்தேன். "கடையறது நான். இதை உள்ள விட்டுக் கீற வைக்கிறது இவர்."

அண்ணன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டதுதான் மிச்சம். இனிமேல் வேறு பட்டறை பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன். நான் கோபித்துக்கொள்வேன் என்று என் அண்ணனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.