கதவு வரும்

மூன்றாவது ஆணியும் வளைந்துபோனதும் மகளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று, வாசல் நிலையில் ஒரு போர்வையைத் தொங்கவிடப் போராடிக்கொண்டிருந்தாள். சுத்தியல் எங்கே இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? கைக்குக் கிடைத்த பழைய பூட்டை வைத்துத்தான் அடித்தாள்.

பூட்டு இருந்தது, கதவுதான் இல்லை. வாசல் நிலையில் கீல் இருந்த இடங்களில் வெறும் ஓட்டைகள்.

நேற்றுக் காலை வந்து இறங்கியதுமே கேட்டாள். “அப்பா, கதவு எங்கப்பா?”

“வரும்,” என்றார் அப்பா. அவ்வளவுதான். அந்த மனுஷனிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க அம்மாவால்தான் முடியும். ஆசாரியிடம் கொடுத்திருப்பார்கள் என்று இவளே முடிவு செய்துகொண்டாள். கொடுக்க நேரம் பார்த்தார்களே!

கதவு இல்லாததால் நேற்றிலிருந்து ஊரே உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. கதவு இருந்தாலும் வந்திருப்பார்கள், அது வேறு விஷயம். ஒரு மலை, எதிரே இன்னொரு மலை, நடுவில் ஒரு கல்லூரி, அதை ஒட்டிக்கொண்டு நாலு தெரு. இங்கே ஒருத்தர் தும்மினால் அடுத்த தெருவில் மருந்து சொல்வார்கள். கல்லூரி முடித்த கையோடு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர் கூப்பிடாமலே உள்ளே வந்தார். நேராகச் சமையலறைக்குப் போய் டீ போட ஆரம்பித்தார். சர்க்கரை டப்பா எங்கே என்று பெற்ற மகளுக்குத் தெரியவில்லை, டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அதுவும் கோபத்தைக் கிளப்பியது.

மத்தியானம் சாய்வதற்குள் வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. குளிர் கேட்பாரில்லாமல் உள்ளே வந்தது. அப்பா நாற்காலியில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பை. காலையிலேயே மகள் அவருடைய துணியெல்லாம் மடித்து வைத்துக் கட்டிவிட்டாள். நாளைக்கு முதல் பஸ். இரண்டு டிக்கெட்டும் போட்டாயிற்று. அவர் இன்னும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார்.

என்ன பார்ப்பது? பார்த்ததெல்லாம் போதும். நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று இந்த ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். நெஞ்சு வலி வந்தவளுக்குக் காற்றும் தண்ணீரும் என்ன செய்யும்? பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேர மலைப்பாதை. இந்த வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே ஏகப்பட்ட படிக்கட்டு. அம்மா பாதி வழியில், ஆம்புலன்ஸிலேயே போய்விட்டாள்.

அதைவிட இன்னொன்றுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. செய்தி வந்ததிலிருந்து ஒரே காட்சி கண் முன்னால் நின்றது. இந்தத் தரையில் அம்மா தனியாகக் கிடக்கிறாள். முழங்கால் வலிக்காரரான அப்பா உதவி தேடி எங்கேயோ படி இறங்குகிறார். அம்மா வாசலைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். அப்படித்தான் நடந்ததா என்று அப்பாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

டீச்சர் டம்ளரை நீட்டினார். “இறங்கி வாம்மா. அந்தப் பூட்டு பாவம்.”

“இந்த ஊருதான் டீச்சர் எங்கம்மாவைக் கொன்னுடுச்சு.”

சொன்ன பிறகுதான் அப்பா காதில் விழுந்திருக்குமே என்று உறைத்தது. அவர் திரும்பவில்லை.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. “பட்டணமா இருந்தா ஒருவேளை பொழைச்சிருப்பாங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன். நானும் அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கிடக்கேன்,” என்றார்.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது.

“பாத்து, பாத்து! வளைவுல திருப்புடி!”

“நீ மொதல்ல ஒழுங்கா தூக்கு!”

மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண்கள் நாலு பேரும் ஏறி வந்தார்கள். அவர்கள் தோளில் கதவு. கிடைமட்டமாக, இம்மியும் சாயாமல், மேலே ஏதோ தளும்பிவிடும் என்பது போலத் தூக்கி வந்தார்கள்.

“ஆசாரி அதுக்குள்ள கொடுத்துட்டாரா?” என்றாள் மகள்.

முன்னால் நின்ற உயரமானவள், அம்மா ‘நெட்டச்சி’ என்று கூப்பிடுவாளே அவள், திருதிருவென்று விழித்தாள். “எந்த ஆசாரி? டீக்கடையில வச்சிருந்தாங்கக்கா. மழை வரும்னு உள்ள எடுத்து வச்சிருந்தாங்க.”

“டீக்கடையில எங்க வீட்டுக் கதவு என்ன பண்ணுது?”

பெண்கள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் அப்பாவைப் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், அதனால் ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை.

“அக்கா, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் நெட்டச்சி. “ஆம்புலன்ஸ் கீழ டீக்கடை வரைக்கும்தான் வரும்னுட்டாங்க. ஆன்ட்டியால நடக்க முடியல. அங்கிள்தான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வந்து கதவைக் கழட்டினாரு.”

“அப்பாவா?” பல்பு மாட்டக்கூட அம்மாவைக் கூப்பிடுகிற மனுஷன்!

“இதுல படுக்க வச்சு நாங்க தூக்கிக்கிட்டோம். வழியில ஒவ்வொரு வீட்டுலேருந்தும் ஆளுங்க வந்து கை மாத்தினாங்க. டீச்சர் டார்ச் புடிச்சாங்க.”

மகள் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள். “அம்மா... பேசினாங்களா?”

“பேசினாங்களாவா?” பின்னால் நின்ற குட்டைப் பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “படி முழுக்கத் திட்டு! ‘எருமைங்களா, ஒரு பக்கமா சாய்க்காதீங்கடி, நான் என்ன மூட்டையா? கதவுல ஒரு கீறல் விழுந்துச்சு, தொலைச்சுடுவேன்’னு. கடைக்காரர் வந்து கை கொடுத்தா, ‘சட்டையை ஒழுங்கா போட்டுட்டு வாங்க’ன்னு அவருக்கும் ஒரு டோஸ்.”

“பயந்தாங்களா?”

“வலிச்சுதுக்கா,” என்றாள் நெட்டச்சி. “பயப்பட எங்க நேரம்? எங்களைத் திட்டவே நேரம் சரியா இருந்துச்சு.”

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகி, இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. டீச்சர் முதுகைத் தடவிக்கொடுத்தார். தரையில் தனியாகக் கிடந்த அம்மாவைக் காணோம். தெருவையே அதட்டிக்கொண்டு, நாலு தோள் மேல் ஏறி, எட்டு வீட்டு ஆட்கள் சூழ இறங்கிப் போகிறவள்தான் இருந்தாள். அது அம்மாதான், சந்தேகமே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தடவிப் பார்த்தாள். கீழ் மூலையில் பளிச்சென்று ஒரு கீறல்.

“அது அன்னைக்கு விழல,” என்றாள் குட்டைப் பெண் அவசரமாக. “இப்பத்தான், அந்தக் கடைசி வளைவுல. இவதான்!”

அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கதவைக் கழட்டியதிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. பெண்கள் கதவை நிறுத்திப் பிடிக்க, கீல் ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

“நான் கதவை மாட்டணும்மா,” என்றார் மகளிடம், பார்வையை எடுக்காமல். “இந்தப் புள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. வீட்டுல ஒரு ஆள் வேணும்.”

“பரீட்சை முடிஞ்சதும் வருவீங்களா?”

“முடிஞ்சதும் அடுத்த செட்டு வந்துருமே,” என்றார் டீச்சர்.

அப்பாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அம்மா போன பிறகு அந்த முகத்தில் அவள் பார்த்த முதல் அசைவு.

“தரையிலேருந்து கொஞ்சம் தூக்கணும்,” என்றார். “அடியில குடுக்க ஏதாவது மடிச்ச துணி இருக்கா?”

மகள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு அப்பாவின் பையைத் திறந்து, மேலாக இருந்த ஸ்வெட்டரை எடுத்துக் கதவுக்கு அடியில் செருகினாள்.

“போதுமாப்பா?”

“இன்னும் கொஞ்சம்.”

அவள் ஒரு வேட்டியை எடுத்தாள். பிறகு ஒரு சட்டையை எடுத்தாள்.