காரணத்துக்கு மூன்று வரி

"லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டிருக்கு, டாக்டோரா! படியிலயே ஓடி வாங்க!"

சொல்லிவிட்டு பயூமியே முதலில் ஓடினார். அறுபதை நெருங்கும் மனுஷர். விடிகாலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இருந்தும் இரண்டிரண்டு படியாகத் தாண்டினார். கக்கத்தில் நீலக் கோப்பு. பின்னால் இனாஸ், ஒரு கையில் கைப்பை, மறு கையில் கைப்பிடிச் சுவர்.

தன்தா நகர வரி அலுவலகம், ஐந்தாவது மாடி. மணி ஒன்று பத்து. ரமலான் மாதத்தில் ஒன்றரைக்கு மனு வாங்கும் ஜன்னலை இழுத்து மூடிவிடுவார்கள். அதிலும் இன்றைக்கு மார்ச் முப்பத்தொன்று, தாக்கலுக்குக் கடைசி நாள். வருஷத்தில் எத்தனை நாள் இருந்தால் என்ன, இந்த ஊர்க்காரர்களுக்கு வரிக் கணக்கு ஞாபகம் வருவது இந்த ஒரு நாளில்தான். படி முழுக்க ஏறுகிறவர்களும், திட்டிக்கொண்டே இறங்குகிறவர்களும்.

"மெதுவாப் போ உஸ்தா, மேல ஒண்ணும் சோறு போடலை!" என்றான் இறங்கிக்கொண்டிருந்த ஒருவன்.

"போட்டாலும் திங்க முடியாதுடா, வழி விடு!"

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பயூமி நின்று திரும்பிப் பார்த்தார். "முடியலைன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க டாக்டோரா. நீங்க விழுந்துட்டா என் கதி என்ன?"

இனாஸ் டாக்டர் இல்லை, ஆடிட்டர். பதினாலு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாகக் காகிதக் கட்டோடு வந்தபோதே பயூமி அந்தப் பெயரை வைத்துவிட்டார். "சட்டையில கறைன்னா நான் டாக்டர், கணக்குல கறைன்னா நீங்க டாக்டர்." அன்று சிரித்தாள். இன்று அந்த வார்த்தை ஒவ்வொரு முறையும் பளாரென்று அறைந்தது.

பயூமிக்கு இஸ்திரிக் கடை. கைத்தொழில்காரரை இந்த ஊரில் ‘உஸ்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்கு வெள்ளை உடுப்பு முழுவதும் அவர் கடையில்தான் மடிப்பு வாங்கும். அதை நம்பி நான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நாளைக் காலைக்குள் வரி அலுவலகத்தின் சான்றிதழ் வேண்டும். வியாழக்கிழமை அதைக் கேட்கப் போனபோதுதான் அவருக்கே தெரிந்தது: போன வருஷத்துக் கணக்கு தாக்கலே ஆகவில்லை, அபராதம் விழுந்திருக்கிறது.

இனாஸுக்கு அது முன்பே தெரியும். அவளுடைய வாடிக்கையாளர்கள் நாற்பத்திரண்டு பேருக்கும் வரி இணையதளத்தில் பதிவாகியிருப்பது அவளுடைய போன், அவளுடைய மெயில். தன்தாவில் எல்லா ஆடிட்டரும் அப்படித்தான் செய்கிறார்கள். எந்தக் கடைக்காரனுக்குக் கடவுச்சொல் நினைவில் நிற்கிறது? அதனால் நோட்டீஸ் அவளுக்குத்தான் வந்தது. ஆட்சேப மனு போட முப்பது நாள் அவகாசம். இருபத்தேழு நாள் அதைத் திறந்து திறந்து மூடினாள். இன்று முப்பதாவது நாள்.

"அன்னைக்கு சைட்டே வேலை செய்யலை உஸ்தா," என்று வியாழக்கிழமை சொன்னாள். பயூமி ஒரு கேள்வி கேட்கவில்லை. "அதானே பார்த்தேன்! அரசாங்கத்து மெஷின் என்னைக்கு ஓடியிருக்கு?" என்றார். அதோடு விட்டாரா? டீக்கடையில் சொன்னார், மருந்துக் கடையில் சொன்னார். தெருவே அவளுக்காகக் கம்ப்யூட்டரைத் திட்டியது.

நான்காம் ஜன்னல். வரிசையில் ஆறு பேர். மணி ஒன்று பதினேழு.

கண்ணாடிக்குப் பின்னால் மேடம் ஸுஹைர். இனாஸை அவளுக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். ஆறு பேரையும் ஐந்து நிமிஷத்தில் அனுப்பினாள். "உங்க படிவத்துல கையெழுத்து இல்லை... நீங்க மூணாம் ஜன்னல்... நீங்க ஏன்யா பக்கத்து ஊர் கணக்கை இங்க கொண்டு வர்றீங்க... அடுத்தது! இனாஸ்? இந்த நாள்ல நீயே நேர்ல வந்திருக்க? என்ன விஷயம்?"

"ஆட்சேப மனு."

ஸுஹைர் மனுவை வாங்கிப் படித்தாள். ‘காரணம் (மூன்று வரிக்குள்)’ என்ற கட்டத்தில் அவள் விரல் நின்றது. "இணையதளம் வேலை செய்யவில்லை. போன மார்ச் முப்பத்தொண்ணாம் தேதியா?"

"ஆமா," என்றார் பயூமி, இனாஸ் வாயைத் திறப்பதற்குள். "அன்னைக்கு மெஷின் படுத்துருச்சு. ஆனா டாக்டோரா தன் வேலையை முடிச்சுட்டாங்க. இதோ பாருங்க அத்தாட்சி!"

நீலக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போன ஏப்ரலில் இனாஸ் அச்சடித்துத் தன் முத்திரை குத்திக் கொடுத்த வரிப் படிவம். மடங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார்.

ஸுஹைர் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு இனாஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தாக்கலான படிவத்தின் தலையில் பதிவு எண் இருக்கும். இதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. நிரப்பி, அனுப்பாமலே அச்சடித்த தாள். இருவருக்கும் தெரிந்தது, நடுவில் நின்ற மனிதருக்கு மட்டும் தெரியவில்லை.

"உஸ்தா," என்றாள் ஸுஹைர் நிதானமாக, "சைட் எந்தெந்த நாள் நின்னுச்சுன்னு எங்ககிட்ட பட்டியல் இருக்கு. அந்தத் தேதி அதுல இல்லை. இந்தக் காரணத்தோட மனுவை வாங்கினா, பொய்னு சொல்லித் தள்ளிடுவாங்க. மறுபடி போடவும் முடியாது."

"அப்போ சான்றிதழ்?"

"கிடைக்காது."

பயூமியின் முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் திரும்பியது இனாஸ் பக்கம் இல்லை. கண்ணாடியைத் தட்டினார். "மேடம், உங்க பட்டியல்தான் தப்பு. இவங்க பொய் சொல்ல மாட்டாங்க. நோன்பு வாயால சொல்றேன்."

"நோன்பு வாயால சத்தியம் பண்ணாதீங்க உஸ்தா. உங்களுக்குத் தெரியாததுக்குப் பண்ணாதீங்க."

பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். "மணி ஒண்ணு இருபத்தஞ்சு ஆச்சு! குடும்பக் கதையெல்லாம் வீட்டுல பேசக் கூடாதா?"

ஸுஹைர் குரலைத் தாழ்த்தினாள். "இனாஸ், ரெண்டு வழி இருக்கு. ஆடிட்டர் தப்புன்னு நீயே எழுதிக் கையெழுத்து போட்டா, இவர் மேல உள்ள அபராதத்தைத் தள்ளுபடி பண்ண ஆட்சேபக் குழுவுக்கு இடம் இருக்கு. ‘பரிசீலனையில்’னு சான்றிதழும் இப்பவே தருவேன், ஆஸ்பத்திரிக்கு அது போதும். ஆனா உன் லைசென்ஸ் விசாரணைக்குப் போகும். இல்லைன்னா..." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்கு உனக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம். மருத்துவச் சான்று பின்னால வைக்கலாம். ஒரு சாட்சி கையெழுத்து போட்டாப் போதும்."

இனாஸின் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்தது போல் இருந்தது. உடம்பு சரியில்லை. யார் கேட்கப் போகிறார்கள்? அவள் அண்ணி ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஒரு போன் போதும்.

"ஆமாமா!" கடைசி வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்த பயூமி அவசரமாகப் பேனாவைத் தேடினார். "காய்ச்சல். நல்ல காய்ச்சல் அன்னைக்கு. நான்கூட நாரத்தைச் சாறு கொண்டுபோய்க் கொடுத்தேன். நானே சாட்சி. எங்க கையெழுத்து போடணும் மேடம்?"

அவர் எதுவும் கொண்டுவரவில்லை. அன்று காய்ச்சலும் இல்லை. ஐம்பது வருஷமாக ஒரு நோன்பு விடாத மனுஷர், வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் மறுபடி தேய்க்கிறவர், கண்ணைச் சிமிட்டாமல் அவளுக்காகப் பொய் சொன்னார். சொன்ன பிறகு உதட்டை நாவால் தொட்டுக்கொண்டார், ஏதோ தின்றுவிட்டவர் போல.

இனாஸுக்கு வெட்கம் கால் விரலிலிருந்து ஏறியது. காது சுட்டது. இந்த ஒரு வருஷத்தில் அவள் சொன்ன பொய்யெல்லாம் அவளுடையது. இது முதல் முறையாக, தெரிந்தே சொல்லும் பொய்யாக, இன்னொருவர் வாய்க்குப் போயிருக்கிறது.

"உஸ்தா, பேனாவை இங்க குடுங்க."

"நீங்க எழுதி வைங்க, நான் கீழ போட்டுடறேன்."

"நீங்க எதுவும் போட வேண்டாம்."

மனுவை இழுத்துக்கொண்டாள். முதலில் எழுதியிருந்ததைக் குறுக்கே ஒரு கோடு கிழித்து அடித்தாள். அதன் கீழே எழுத ஆரம்பித்தாள். மூன்று வரி நிரம்பியது. நிற்கவில்லை. ஓரத்தில் இறங்கி, தாளைத் திருப்பி, பின்பக்கமும் எழுதினாள். கையெழுத்து போட்டாள். லைசென்ஸ் எண்ணை எழுதினாள். ஜன்னலுக்குள் தள்ளினாள்.

ஸுஹைர் படித்தாள். முத்திரையை எடுத்து, நேரம் பார்த்து, ஒன்று இருபத்தெட்டு என்று குறித்துக் குத்தினாள். பக்கத்து அச்சுப்பொறியில் சான்றிதழ் அச்சாகிற சத்தம் கேட்டது.

"கிடைச்சிருச்சா?" பயூமிக்கு நம்ப முடியவில்லை. அச்சான தாளை வாங்கி மார்பில் அணைத்துக்கொண்டார். "பார்த்தீங்களா? நான் சொல்லலை? டாக்டோரா ஒரு வரி எழுதினா எந்த நோயும் போயிடும்! அப்படி என்னதான் எழுதினீங்க?"

"உஸ்தா, வாங்க போகலாம்."

"இல்லை இல்லை, நம்ம தெருவுல கேப்பாங்க, சொல்லணும்ல. மேடம், அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க." கண்ணாடிக்கு அருகில் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எழுத்து பொடிசா இருக்கே. மூக்குக் கண்ணாடியைக் கடையிலயே விட்டுட்டேன். நீங்களே படிங்க மேடம்."

ஸுஹைர் தாளைத் திருப்பி இனாஸ் பக்கம் நீட்டினாள். "எழுதினவங்களே படிக்கட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். பயூமி சிரித்த முகத்தோடு காதைச் சாய்த்துக்கொண்டார்.

இனாஸ் படித்தாள்.

"போன வருஷம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி இணையதளம் நன்றாக வேலை செய்தது. எனக்கு உடம்புக்கும் ஒன்றும் இல்லை. பயூமி தன் காகிதங்களை ஜனவரி ஐந்தாம் தேதியே கொடுத்துவிட்டார். படிவத்தை நிரப்பியும் வைத்திருந்தேன். சரிபார்த்து அனுப்புவது ஒன்றுதான் பாக்கி. அன்று மதியம் கட்டட ஒப்பந்தக்காரர் ஹாஜ் தல்அத் தன் மூன்று கம்பெனிக் கணக்கோடு வந்தார். இவருடையதை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடையதை அனுப்பினேன்."

"அதனால என்ன டாக்டோரா," என்றார் பயூமி மெதுவாக. சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "பெரிய ஆளு. நேரம் போதலை. அவ்வளவுதானே."

இனாஸ் தாளைத் திருப்பினாள்.

"நேரம் போதாமல் இல்லை. ஹாஜ் தல்அத் அன்று என்னை இஃப்தார் விருந்துக்கு அழைத்தார். அவ்வளவு பெரிய வீட்டுக்கு என்னை யாரும் அழைத்ததில்லை. போனேன். எட்டு மணிக்கு பயூமி போன் செய்து, முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்று சொன்னேன். அப்போது நான் அந்த வீட்டு மேஜையில் இரண்டாம் முறை இனிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கை அனுப்ப இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது."