கூண்டில் நின்று சொன்ன பாவம்

மெல்ரோய் சுவாமி குருப்பட்டத்தை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போனபோது, குச்சவெளியில் அவரை ஆக மோசமாகத் திட்டியவன் நான்தான். பிறகு எம்.பி. ஆனார். அதற்கும் நான் வாக்குப் போடவில்லை. அப்படிப்பட்ட நான் போன மாசம் அவர் வழக்குப் பேசும் கந்தோர் வாசலில் போய் நின்றேன். என் படகைப் பிடித்துவிட்டார்கள். கடலில் டைனமைற் எறிந்தேன் என்று வழக்கு. நிரூபித்துவிட்டால் படகு அரசாங்கத்துக்கு. எனக்கும் என் மனுசி கிறேசுக்கும் பிள்ளைகளுக்கும் வாயில் மண்தான்.

அவர் பழசு ஒன்றையும் கிளறவில்லை.

"பேணாட், நீங்கள் எறிஞ்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப வெடியில நடுமுள் உடைஞ்ச மீன் படகில எப்பிடி வந்தது?"

"வலையில பட்டது" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவரும் நம்பி எழுதிக்கொண்டார்.

பாராளுமன்றம் கூடாத ஒரு நாளில் திருகோணமலையில் விசாரணை வந்தது. அவர் கறுப்புக் கோட்டோடு எழுந்து, கூண்டில் நின்ற என்னிடம், "சொல்லுங்கோ, பயப்படாதேயுங்கோ" என்றார். பாவசங்கீர்த்தனத்தில் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனையோ வருசம் நான் கேட்ட அதே குரல், அதே வார்த்தை. என் கை தன்பாட்டில் சிலுவை போட்டது.

"சுவாமி, உங்களிட்டப் பொய் சொல்லிட்டன். நான் எறியேல்ல. வேற படகுக்காரர் எறிஞ்சிட்டு ஓடினவங்கள். செத்து மிதந்த மீனை நான் அள்ளினனான். ஆசைதான், சுவாமி."

நீதிமன்றம் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். படகு போச்சு என்றே நினைத்தேன்.

நீதவானும் சிரிக்கவில்லை. ஒருவரும் கேட்காத குற்றத்தைத் தானாகவே ஒப்புக்கொள்கிறவன் மற்றதில் பொய் சொல்வான் என்று தனக்குத் தோன்றவில்லை என்றார். படகில் வெடிமருந்தும் கிடைக்கவில்லை. மீனை அள்ளியதற்குத் தண்டம் போட்டுப் படகை விட்டார்.

வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நான் ஏசினதெல்லாத்தையும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சுவாமி. பரிகாரமா எத்தினை அருள் நிறைந்த மரியே செபம் சொல்ல?"

"அது இனி என்னால தர ஏலாது, பேணாட்" என்று சிரித்தார். "நீதவான் போட்ட தண்டத்தைக் கட்டுங்கோ, அதுவே காணும்."

ஆனாலும் பின்னேரம் கோயிலுக்குப் போனேன். பத்துச் சொன்னேன், பத்தும் அவருக்காக. சுவாமியாகவே இருந்திருந்தால் என் பாவத்தை மன்னித்திருப்பார். ஆனால் படகை யார் மீட்டுத் தந்திருப்பார்? அவர் அங்கியைக் கழற்றியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்ன முதல் கத்தோலிக்கன் நானாகத்தான் இருப்பேன்.