சற்று முன்

"நேத்து காலைல ஆறு மணிக்குக்கூட பட்டனை அழுத்தியிருக்காரு," என்று அண்ணன் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தான். "அதுக்கப்புறம்தான் விழுந்திருக்காரு. ரொம்ப நேரமெல்லாம் கஷ்டப்படல."

கேட்டுக்கொண்டிருந்தவர் அப்பாவோடு வேலை பார்த்த பழைய மெக்கானிக். "அது போதும்ப்பா" என்று அண்ணனின் தோளைத் தட்டினார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் நாற்காலியை இழுத்துப் போடுவதைப் போலவே அண்ணன் அந்தச் செய்தியையும் கொடுத்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் உடையவில்லை. அப்பா கூடத்தின் நடுவே ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். வண்டி ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பட்டனைச் செய்தவள் தங்கை. அம்மா போனபிறகு அப்பா தனியாக இருந்தார். பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு ஊரில். வீட்டில் கேமரா வைக்கலாம் என்று அண்ணன் சொன்னதற்கு, "நான் என்ன நகைக்கடையா?" என்றார் அப்பா. அதனால் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓர் இணையப் பக்கம் எழுதினாள். சமையலறைச் சுவரில் மாட்டிய பழைய டேப்லெட்டில் ஒரே ஒரு பெரிய பட்டன். காலையில் எழுந்ததும் அப்பா அதை அழுத்த வேண்டும். பழைய நேரத்தை அழித்துவிட்டு, அழுத்திய நேரத்தை சர்வர் எழுதிக்கொள்ளும். யார் எங்கிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அழுத்தி எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்குப் போட்டுக் காட்டும். இருபத்துநான்கு மணி நேரம் தாண்டினால் அவள் போன் அலறும்.

"ஊர்ல இருக்கற லிஃப்ட் பட்டனெல்லாம் அழுத்தியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு," என்று அப்பா சிரித்தார். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். பட்டனை அழுத்த ஒரு நாளும் தவறவில்லை. போனில் பேசும்போது, "அட்டெண்டன்ஸ் போட்டாச்சு மேடம்" என்பார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் அவளைக் கூப்பிட்டான். "ராத்திரிலேர்ந்து அப்பா போனே எடுக்கல, குட்டி. கீழ்வீட்டுத் தையல்காரரைப் போய்ப் பாக்கச் சொல்லவா?"

அவள் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு முன் என்றிருந்தது. "ஆறு மணிக்கு அழுத்தியிருக்காருண்ணா. போனை எங்கயாவது வெச்சிட்டுத் தேடிட்டிருப்பாரு. நீ வேலையைப் பாரு."

அன்று சாயங்காலம் தைத்த சட்டையைக் கொடுக்கப் போன தையல்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் சேர்த்து உடைத்தார். அப்பா சமையலறைத் தரையில் கிடந்தார். தோளில் போடும் துண்டு மடித்துத் தலைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது. "விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நினைவு இருந்திருக்கு. எவ்வளவு நேரம்னு கணக்காச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அதனால்தான் அண்ணன் அந்த ஆறு மணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது வியாழக்கிழமை நடுப்பகல். கூடத்தில் கூட்டம் கூடியதும் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா கடைசியாக விரல் வைத்ததன் அடையாளம் அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒருதடவை பார்க்கலாம் என்று போனில் திறந்தாள்.

ஆறு மணி நேரத்துக்கு முன்.

கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கும் மனிதர் இன்று காலை ஆறு மணிக்குப் பட்டனை அழுத்தியிருப்பதாகப் பக்கம் சொன்னது. அவள் மடிக்கணினியை எடுத்து, சர்வரில் ஏறியிருந்த நேரத்தைத் தேடினாள். செவ்வாய்க்கிழமை, காலை ஆறு.

தப்பு ஒரே வரியில் இருந்தது. இரண்டு நேரங்களைக் கொடுத்தால் இடைவெளியை அவள் எழுதிய கணினி மொழி நாள் தனியாக, மணி தனியாகப் பிரித்துக் கொடுக்கும். அவள் மணியை மட்டும் எடுத்திருந்தாள். நாள் கணக்கை எடுக்கவே இல்லை. இருபத்துமூன்றைத் தாண்டியதும் மணி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். போன் எந்தக் காலத்திலும் அலறியிருக்காது. புதன்கிழமை எட்டு மணிக்கு அவள் பார்த்த இரண்டு மணி நேரம் உண்மையில் இருபத்தாறு.

எழுதிய அன்று சோதித்துத்தான் பார்த்தாள். மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தாள், பத்து மணி நேரம் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஒரு முழு நாளை வைத்துப் பார்க்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. அப்பா ஒரு நாள் முழுக்க அழுத்தவில்லை என்று விளையாட்டுக்குக்கூட எழுத விரல் கூசியது. ஆபீஸில் யாராவது இப்படிச் செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

அண்ணன் கதவைத் திறந்தான். "வண்டி வந்துடுச்சு. என்ன பண்றே?"

"அண்ணா..."

அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "நீ அதைச் செஞ்சு வெச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா. இல்லேன்னா ராத்திரியெல்லாம் கிடந்தாரோன்னு நினைச்சே செத்திருப்பேன்."

அவள் மடிக்கணினியை மூடினாள். "வரேன், போ" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது வீடு காலியாக இருந்தது. அவள் சமையலறையில் நின்றிருந்தாள். தரையை யாரோ கழுவி விட்டிருந்தார்கள். டேப்லெட்டைத் தொட்டதும் வெளிச்சம் வந்தது. ஆறேகால் மணி. பட்டனுக்குக் கீழே, சற்று முன் என்றிருந்தது. தப்பை அவள் இன்னும் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டால் நாளைக்கும் இந்த நேரத்தில் அப்பா சற்று முன்தான் அழுத்தியிருப்பார். அதற்கடுத்த நாளும். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த அண்ணன் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"சற்று முன்னா? யாரு, நீ அழுத்தினியா?"

அவள் திரும்பவில்லை.

"ஆமா" என்றாள்.

அவன் தம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நானும் ஒருதடவை" என்று விரலை நீட்டினான்.

அழுத்தினால் சர்வரில் அப்பாவின் நேரம் அழிந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பான்.

அவன் அழுத்தினான்.

திரையில் எதுவும் மாறவில்லை. சற்று முன் என்றே இருந்தது.